பின் நம்பர் போட்டு எடுக்கும் பிரிண்ட்: நான்கு வருடம் பயன்படுத்திய பிறகு

வேறொரு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கும் தோழி நேற்று கேட்டாள்: "பின் நம்பர் வசதியை நம்பி, எல்லாருக்கும் பொதுவான பிரிண்டரில் சம்பளச் சீட்டு எடுக்கலாமா?" ஒரு வார்த்தையில் பதில் சொல்ல வரவில்லை. பணியாளர் பிரிவில் நான்கு வருடமாக இதை வைத்துத்தான் என் வேலையே ஓடுகிறது.

எச்பி பிரிண்டரின் டிரைவரில் (கணினியிலிருந்து பிரிண்ட் அனுப்பும் மென்பொருள்) இதை 'பெர்சனல் ஜாப்' என்பார்கள், ரிக்கோவில் 'லாக்டு பிரிண்ட்', ஜெராக்ஸில் 'செக்யூர் பிரிண்ட்'. பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான். நீங்கள் நேரில் போய் எண்ணை அழுத்தும்வரை தாள் வெளியே வராது. இது வந்த பிறகு, பிரிண்ட் கொடுத்துவிட்டு வராந்தாவில் ஓடுவது நின்றது. அதற்கு நான் என்றும் நன்றி சொல்வேன்.

எதிர்பாராமல் கிடைத்த வரம் 'ப்ரூஃப் அண்ட் ஹோல்டு'. நாற்பது பிரதி கொடுத்தால் முதல் பிரதி மட்டும் வரும். சரிபார்த்த பிறகு மீதியை அச்சிடச் சொல்லலாம். ஒருமுறை சுற்றறிக்கையில் தேதி தப்பாக இருந்ததை அந்த ஒரு பிரதியில்தான் கண்டுபிடித்தேன். மீதி 39-ஐயும் பிரிண்டரிலேயே அழித்தேன்.

என் ஆத்திரமெல்லாம் ஓர் இடத்தில்தான். போன வருடம் ஊதிய உயர்வுக் கடிதங்கள், மொத்தம் 23 பக்கம். எண்ணை அழுத்தினேன், ஒன்பதாவது பக்கத்தில் ட்ரே காலி. தாள் எடுக்க ஸ்டோருக்குப் போய் வருவதற்குள், இன்னொரு பிரிவுக்காரர் தன் வேலைக்காகத் தாள் வைத்துவிட்டார். என் மீதி 14 பக்கமும் அவர் கண்ணெதிரே வந்து விழுந்தன. யாருக்கு எவ்வளவு கூடியது என்பது மதியத்துக்குள் பாதி அலுவலகத்துக்குத் தெரிந்துவிட்டது. அவர்மேல் தப்பே இல்லை. பூட்டு இருப்பது பிரிண்ட் தொடங்கும்வரைதான். எண்ணை அழுத்தியபின் அது எல்லா பிரிண்ட்டையும் போல ஒரு சாதாரண பிரிண்ட். தாள் தீர்ந்தாலும் சிக்கினாலும் மறுபடி எண் கேட்காது.

'ஜாம் ரெக்கவரி'யை அணைத்துப் பார்த்தேன். சிக்கிய பக்கம் மறுபடி வராது, அவ்வளவுதான். அதற்குப் பின்னால் இருப்பவை வரத்தான் செய்யும். சர்வீஸ் இன்ஜினியரிடம் கேட்டேன். "பிரிண்டரை விட்டு நகரும் முன்னால் கேன்சல் அழுத்துங்கள் மேடம்" என்றார். இப்போது அப்படித்தான் செய்கிறேன். விட்ட இடத்திலிருந்து பக்க எண் கொடுத்து மறுபடி அனுப்புகிறேன். ஆனால் ரகசியம் என்று நானே குறித்து அனுப்பிய ஆவணம், பாதியில் நின்றால் மறுபடி ஒரு முறை எண் கேட்கக் கூடாதா?

இன்னொன்று, காத்திருக்கும் பிரிண்ட்டின் பெயர் எங்கள் பிரிண்டரின் திரையில் யார் கண்ணிலும் படும். கோப்புக்குப் 'பணிநீக்கக் கடிதம்' என்று பெயர் வைத்து அனுப்பினால் பின் நம்பரால் என்ன பயன்? டிரைவரில் பெயரை மாற்றிக் கொடுங்கள். எங்கள் பிரிண்டரில் மின்சாரம் போனால் காத்திருப்பவை அழிந்துவிடும். எனக்கு அதில் வருத்தமில்லை.

தோழிக்கு 'பயன்படுத்து, நல்ல வசதி' என்றுதான் எழுதினேன். சொன்னதில் மாற்றமில்லை. ஆனாலும் இந்த மாதச் சம்பளச் சீட்டுகளை என் மேசையிலுள்ள சின்ன பிரிண்டரில்தான் எடுத்தேன். ஒன்றரை மணி நேரம் ஆனது. அடுத்த மாதமும் அதில்தான்.