கான்ட்ராவா, சூப்பர் கான்ட்ராவா? 30 லைஃபைக் கழித்துவிட்டுப் பார்ப்போம்

கான்ட்ரா, ஓடிக்கொண்டே எதிரிகளைச் சுடும் கொனாமி நிறுவனத்தின் வீடியோ கேம்; சூப்பர் கான்ட்ரா அதன் இரண்டாம் பாகம். ஆனால் டிவி கேம் மெனுவில் 'சூப்பர் கான்ட்ரா' என்று இருப்பதெல்லாம் சூப்பர் கான்ட்ரா கிடையாது. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் திருவிழாக் கடைகளில் வாங்கிய கேசட்டுகளை எடுத்துப் பாருங்கள். பலவற்றில் முதல் கான்ட்ராவையே எடுத்து, லைஃபைக் கூட்டி, கையில் வேறு துப்பாக்கியைக் கொடுத்து, நாலைந்து பெயரில் அடுக்கியிருப்பார்கள். ஸ்டார்ட் அழுத்தினால் ஐந்து வினாடியில் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆள் நேராகக் காட்டுக்குள் வந்து குதித்தால் அது 1988-ல் வந்த கான்ட்ரா. ஹெலிகாப்டர் வந்து ஆளை இறக்கிவிட்டால்தான் 1990-ல் வந்த இரண்டாம் பாகம். அமெரிக்காவில் அதை 'சூப்பர் சி' என்ற பெயரில் விற்றார்கள். "ரெண்டும் ஒண்ணுதானே" என்று சொல்கிறவர்களில் பாதிப்பேர் முதல் பாகத்தை முதல் பாகத்தோடுதான் ஒப்பிட்டிருக்கிறார்கள்.

முதல் பாகத்திலும் இரண்டு பதிப்புகள் உண்டு. ஜப்பான் கேசட்டில் கொனாமி தன் சொந்தச் சிப்பைப் போட்டது. அதனால் காட்டு மரங்கள் அசையும், ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் வரைபடம் வரும். அமெரிக்கப் பதிப்பில் இவை இல்லை. ஆட்டம் ஒன்றேதான்.

இந்த ஒப்பீட்டைக் கெடுப்பது 30 லைஃப். கான்ட்ராவில் தலைப்புத் திரையில் மேல், மேல், கீழ், கீழ், இடது, வலது, இடது, வலது, பி, ஏ, ஸ்டார்ட் என்று அழுத்தினால் ஆளுக்கு 30. இரண்டு பேர் ஆட வேண்டுமென்றால் ஸ்டார்ட்டுக்கு முன் ஒருமுறை செலக்ட். சூப்பர் சி-யில் இந்த வரிசை செல்லாது. அங்கே வலது, இடது, கீழ், மேல், ஏ, பி, பிறகு ஸ்டார்ட்; கிடைப்பது பத்தே பத்து. 30 உயிரோடு பழகியவன் பத்தோடு இரண்டாம் பாகத்துக்குள் போனால் பாதியிலேயே முடிந்துவிடும். உடனே "ரொம்பக் கஷ்டம்" என்று கேசட்டைக் கழற்றிவிடுவான். இரண்டுக்கும் இயல்பான கணக்கு 3 லைஃப்தான். அந்தக் கணக்கில் வைத்து ஆடினால் இரண்டாம் பாகம் அவ்வளவு கொடுமையாகத் தெரியாது.

கோட் விழவில்லையா? பெரும்பாலும் டர்போ பட்டன்தான் காரணம். உள்ளூர் செட்களின் கைப்பிடியில் ஏ, பி-க்கு மேலே இன்னும் இரண்டு பட்டன் இருக்கும். அதை ஒருமுறை அழுத்தினால் பலமுறை அழுத்தியதாகப் பதிவாகும், வரிசை உடைந்துவிடும். கோட் போட மட்டும் கீழே உள்ள சாதா பட்டனைத் தொடுங்கள். இரண்டாவது கைப்பிடியில் பல செட்களில் செலக்ட், ஸ்டார்ட் இருக்காது. எல்லாம் முதல் கைப்பிடியில்தான்.

ஸ்டேஜ்களுக்கு வருவோம். இரண்டிலும் எட்டு. ஆனால் அடுக்கிய விதம் வேறு. முதல் பாகத்தில் 2-ம் 4-ம் முதுகுக்குப் பின்னாலிருந்து பார்க்கும் 'பேஸ்' ஸ்டேஜ்கள். ஆள் திரையின் அடியில் நின்று எதிர்ச்சுவரின் நடுவிலுள்ள கருவை உடைக்க வேண்டும். உடைந்ததும் மின்வேலி போகும். மேல் பட்டனைப் பிடித்தால் அடுத்த அறை. வேலி இருக்கும்போதே முன்னேறினால் ஷாக் அடித்து ஆள் அப்படியே விறைத்து நிற்பான். அதனால் சாவதில்லை, ஆனால் அந்த நேரத்தில் வரும் குண்டு கொல்லும். 1988-ல் இது வித்தைதான். இப்போது ஆடும்போது ஒரே அறையைத் திரும்பத் திரும்பத் தாண்டுவதாகத்தான் தோன்றுகிறது. பக்கவாட்டில் ஓடி, குதித்து, எட்டுத் திசையிலும் சுடும் அந்த ஓட்டம் இங்கே அறுந்துபோகிறது.

இரண்டாம் பாகம் அதே 'நடுவே ஒரு மாற்றம்' யோசனையை 2-ம் 6-ம் ஸ்டேஜில் வைக்கிறது, ஆனால் தலைக்கு மேலிருந்து பார்க்கும் கோணத்தில். இங்கே ஆள் எட்டுத் திசையிலும் நடக்கலாம், சுடலாம், டாங்கிக்குப் பக்கவாட்டில் ஒதுங்கலாம். பழகிய கைவேகம் வீணாவதில்லை. ஒரு குறை உண்டு: முகம் திரும்பிய பக்கம்தான் குண்டு போகும். பின்னால் வருபவனைச் சுட, அவன் பக்கம் ஒரு அடி நகர்ந்தாக வேண்டும். நெருக்கத்தில் அந்த ஒரு அடியிலேயே இடித்துச் சாவது சகஜம். சுவரை முதுகுக்கு வைத்துக்கொண்டு முன்னேறினால் இந்தத் தொல்லை பாதியாகும்.

ஆயுதங்களில் இரண்டாம் பாகத்துக்கு நேரடி வெற்றி, எஃப் எழுத்தை எடுத்தால் கிடைக்கும் நெருப்புத் துப்பாக்கி ஒன்றினாலேயே. முதல் பாகத்தின் எஃப் சுருள் சுருளாகச் சுழன்று போகும். எதிரி சுழலுக்கு நடுவில் நின்றால் படாமல் தாண்டிவிடும். அதை எடுப்பது தண்டனை மாதிரி. குண்டு விசிறியாக விரியும் எஸ் துப்பாக்கி கையில் இருக்கும்போது எஃப் கண்ணில் பட்டால் குதித்துத் தாண்டுங்கள். சூப்பர் சி-யில் அதே எஃப் நேராகப் போய் வெடிக்கிறது. பி-யை அழுத்திப் பிடித்து விட்டால் பெரிய நெருப்புக் குண்டு. நகராத பீரங்கிகளிடம் இதுவே போதும். கான்ட்ரா லேசரில் இன்னொரு சங்கடம்: முதல் கதிர் போய்ச் சேருமுன் மறுபடி அழுத்தினால் அது அறுந்து, புதிதாகத் தொடங்கும். டர்போ வைத்து லேசர் அடித்தவர்களுக்கு 'ஏன் எதுவும் சாகவில்லை' என்ற கேள்விக்கு விடை இதுதான்.

எஸ் துப்பாக்கி இரண்டிலும் ராஜா. ஐந்து குண்டும் விசிறியாக விரிவதால் தூரத்திலிருந்து அடித்தால் ஒன்றிரண்டுதான் படும். ஸ்டேஜ் முடிவில் வரும் பெரிய எதிரியான பாஸ் முன்னே ஒட்டி நின்றால் ஐந்தும் படும். கடைசி ஸ்டேஜ் இதயத்தை நாலு மூலையிலிருந்தும் சுட்டுக்கொண்டிருப்பவர்கள் இதை ஒருமுறை செய்து பார்க்கட்டும். செத்தால் ஆயுதம் போய்விடும் என்பதால் பாஸுக்கு முன்னால் உயிரைக் காப்பதே துப்பாக்கியைக் காப்பது.

சரி, முதல் பாகம் எங்கே ஜெயிக்கிறது? இரண்டு பேர் ஆட்டத்தில். குறிப்பாக 3-வது ஸ்டேஜ் அருவி. முன்னால் ஏறுகிறவனோடு திரையும் ஏறும். கீழே இருப்பவனின் பாறை திரைக்கு அடியில் மறைந்தால் அவன் காலி. "டேய் நில்றா" என்ற கூச்சல் எழாத வீடு இல்லை. அண்ணன் ஓடி, தம்பி சாவதுதான் வழக்கம். வழி எளிது: மெதுவாக ஆடுகிறவனை முன்னே விட்டு, வேகமானவன் கீழிருந்து மேல்நோக்கிச் சுட வேண்டும். இரண்டாம் பாகத்தின் 5-வது ஸ்டேஜ் மலையேற்றத்திலும் இதே கதைதான். ஆனால் கான்ட்ராவில் இந்த ஸ்டேஜ் சீக்கிரம் வருகிறது. அங்கே போகும்போது இரண்டு பேர் கையிலும் லைஃப் மிச்சம் இருக்கும். சிரிக்க முடிகிறது.

இசையில் இரண்டாம் பாகம் இன்னும் அழுத்தம். பெரிய வாத்தியக் குழு ஒருசேர அடிப்பது போன்ற பதிவு ஒலிகளை 8 பிட் சிப்பிலேயே கேட்கலாம். கதையைப் பற்றிப் பேச எதுவுமில்லை.

பழைய செட்டில் ஆடிப் பார்ப்பவர்களுக்கு: அரசு கொடுத்த 14 அங்குல இலவச கலர் டிவி வீட்டில் ஓடும் நிலையில் இருந்தால் அதுவே சிறந்த திரை, பட்டன் அழுத்தியதற்கும் ஆள் குதிப்பதற்கும் இடைவெளி தெரியாது. மஞ்சள், வெள்ளைத் துளை இருந்தால் ஏவி கேபிள். இல்லாவிட்டால் ஆன்டெனா துளையில் செருகி சேனலைத் தேட வேண்டும். எல்இடி டிவியில் 'கேம் மோட்' இருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் குதிப்பு தாமதமாகும். கேசட்டை வாயால் ஊதாதீர்கள். எச்சில் ஈரத்தில் கேசட்டின் உலோகப் பின்கள் கறுக்கும். காது குடையும் பஞ்சில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, காய்ந்தபின் செருகுங்கள். 9 வோல்ட் அடாப்டர் தொலைந்துவிட்டதென்று செட்டாப் பாக்ஸின் 12 வோல்ட்டைச் செருகுவது ஆபத்து. முனை பொருந்தும், ஆனால் உள்ளே 5 வோல்ட்டாகக் குறைக்கும் சிப் சூடேறும். பிளஸ், மைனஸ் மாறியும் இருக்கலாம்.

கேசட்டே இல்லையென்றால் கொனாமி 2019-ல் வெளியிட்ட கான்ட்ரா ஆனிவர்சரி கலெக்‌ஷனில் இரண்டும் இருக்கின்றன, கணினியிலும் கிடைக்கும். நடுவில் சேமித்து வைக்கலாம். காசு போட்டு ஆடும் ஆர்கேட் இயந்திரத்துக்கென 1988-ல் வந்த சூப்பர் கான்ட்ராவும் அதிலேயே உண்டு. ஐந்தே ஸ்டேஜ், வீட்டுப் பதிப்பைவிட அழகு, ஆட வீட்டுப் பதிப்பே மேல். ஒன்று மட்டும் கவனம்: நம் ஊர் டிவிக்கென வந்த செட்கள் வினாடிக்கு 50 பிரேமில் ஓடியவை. கலெக்‌ஷனில் 60. அதாவது ஐந்தில் ஒரு பங்கு வேகம் கூடும். பழைய ஞாபகத்தில் வெடிக்கும் பாலத்தைத் தாண்டப் பார்த்தால் கை பிந்திவிடும். முதல் ஸ்டேஜை நாலைந்து முறை ஆடிக் கையைப் பழக்கிவிட்டுப் பிறகு ஹெலிகாப்டரில் ஏறுங்கள்.