கொட்டியாரக் குடாவில் படகு பேசுவோர் கவனத்திற்கு

திருகோணமலையிலிருந்து கொட்டியாரக் குடாவைக் கடந்து மூதூர்ப் பக்கம் படகில் சென்றுவர எண்ணுபவர்கள், காசு வாங்குபவரே படகை ஓட்டப்போகிறாரா என்பதைக் கரையிலேயே கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்ட பின்னர் தேவைக்காகப் படகேறுவோர் குறைந்துவிட்டனர். கடல் பார்க்க ஆசைப்பட்டு வருவோரே இப்போது தரகர்களின் கையில் அகப்படுகின்றனர்.

கடந்த ஆவணி விடுமுறையில் எங்களுக்குப் பேசப்பட்ட வாடகை முழுப் படகுக்கும் 18,000 ரூபா. கடலில் ஊறிய தண்டையல் ஒருவர் ஓட்டுவார், எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கி உண்டு என்று தரகர் உறுதியளித்தார். முற்பணம் கைமாறிய பின் வந்து நின்றவனோ மீசை அரும்பாத ஒரு பையன். அங்கிகளின் கொளுக்கிகள் உடைந்து, பட்டிகள் நைலோன் நூலால் முடியப்பட்டிருந்தன. பிள்ளைகளுக்கு அளவானது ஒன்றுகூட இல்லை. “அண்ணை, இது குளம் மாதிரி, அங்கி எதுக்கு?” என்றார் தரகர். 2021 நவம்பரில் குறிஞ்சாக்கேணியில் இழுவைப் படகு கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் மாண்ட மாவட்டத்தில் இப்படிச் சொல்ல ஒருவருக்கு எப்படித்தான் நா எழுகிறதோ! முற்பணத்தைத் திருப்பித்தர அவர் மறுத்துவிட்டதால், பிள்ளைகளைக் கரையில் விட்டுவிட்டுப் பெரியவர்கள் மட்டும் ஏறினோம்.

காலையில் கடல் அமைதியாக இருந்தது. பிற்பகலில் திரும்பும்போது கச்சான் எனும் தென்மேல் காற்று எழுந்துவிட்டது. காற்றடிக்கும் வேளையில் துறையில் அணைபவர்கள் அணியத்தை, அதாவது படகின் முன்பக்கத்தை, காற்றுக்கு எதிரே பிடித்து மெதுவாக வருவார்கள். காற்றே படகைத் தடுத்து நிறுத்த, அணியக் கயிற்றை முதலில் கரையில் கட்டிவிடுவார்கள். பைபர் படகு நீரில் அதிகம் அமிழாததால், வேகம் குறைந்தவுடன் காற்று அதன் அணியத்தைத்தான் முதலில் தள்ளும். அந்நேரம் இயந்திரமும் நின்றுவிட்டால் அதை எப்பக்கம் திருப்பியும் பயனில்லை. அந்தப் பையன் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு நேரே இறங்குதுறைப் படிக்கட்டை நோக்கி விரைந்தான். அருகில் வந்ததும் பதறி இயந்திரத்தை நிறுத்திவிட்டான். படகு குறுக்கே திரும்பியது. கயிறு வாங்கக் கரையில் ஆளில்லை, படகின் பக்கத்தில் ஒரு பழைய டயர்கூடத் தொங்கவில்லை. “கையால பிடியுங்கோ!” என்று அவன் கத்த, மச்சான் கையை நீட்டினார். கொங்கிறீட் தூணுக்கும் படகின் விளிம்புக்கும் இடையில் அவரது இரண்டு விரல்கள் நசிந்து, ஒன்றின் நகம் அப்படியே கழன்றது.

ஓடிவந்த தரகர் முதலில் பார்த்தது மச்சானின் கையையல்ல, படகின் விளிம்பில் விழுந்திருந்த வெடிப்பை. பயணிகள் ஒரே பக்கம் சாய்ந்ததாலேயே படகு இடித்தது என்று கூறி, அதைத் திருத்த 12,000 ரூபா கேட்டார். நாங்கள் கொடுக்கவில்லை. பையன்மேல் எனக்குக் கோபமில்லை. காற்றுக் காலத்தில் அவனைத் தனியே கடலுக்கு அனுப்பியவர் மீதே கோபம்.

பொலிசில் முறைப்பாடு செய்தபோது முதலில் கேட்டது படகின் பதிவிலக்கத்தை. அது இருந்திருக்க வேண்டிய இடத்தில் புதிதாக நீலப் பூச்சு அடிக்கப்பட்டிருந்தது, பற்றுச்சீட்டும் தரப்படவில்லை. ஆகவே இலக்கம் தெளிவாகத் தெரியாத படகில் ஏறாதீர்கள். ஓட்டுபவர் நேரில் வந்து நின்ற பின்னரே முற்பணம் கொடுங்கள். கச்சான் காலத்தில் மதியத்துக்கு முன்பே கரைக்குத் திரும்புவதாகப் பேசிக்கொள்ளுங்கள்.