துகளை எண்ணுவதா, மேகக்கருவை எண்ணுவதா?

சம்பா அறுப்பு முடிந்து மன்னார்குடிப் பக்கம் வயலில் அடித்தாளைக் கொளுத்துகிற மாலையில், காற்றில் எத்தனை துகள் இருக்கும்? அவற்றில் எத்தனை துகள் மேகத்துளிக்கு வித்தாகும், அதாவது மேகக்கருவாகும்? இரண்டும் வேறு கேள்விகள், கருவிகளும் வேறு.

மொத்தத் துகள் எண்ணி என்ற கருவி, உறிஞ்சிய காற்றை பியூட்டனால் என்ற ஆல்கஹாலின் ஆவிக்குள் விடும். சுமார் 10 நானோமீட்டர் (மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கு) துகள்கூட ஆவியைப் போர்த்திக்கொண்டு பருத்துவிடும்; லேசர் ஒவ்வொன்றாக எண்ணும். வேகமான கருவி. ஆனால் ஐப்பசி ஈரக்காற்றில் பியூட்டனாலில் தண்ணீர் சேர்ந்து எண்ணிக்கையைக் கெடுக்கும். காற்றை உலர்த்தியே உள்ளே விட வேண்டும்.

மேகக்கரு எண்ணி என்ற இரண்டாவது கருவியில் பியூட்டனாலுக்குப் பதில் நீராவிதான். பரவலாகப் புழங்கும் வகையில், உள்சுவர் ஈரமான நெடுங்குழாய், மேலே குளிர்ச்சி, கீழே சூடு. நடுவில் ஈரப்பதம் 100 சதவீதத்தை 0.1 முதல் 1 சதவீதம் வரை தாண்டும். மேகத்துக்குள்ளும் ஏறக்குறைய இப்படித்தான். அங்கே துளியாக வளர்வதை மட்டும் கணக்கில் எடுக்கும். வேதாரண்யம் கரையிலிருந்து வரும் கடலுப்புத் துகள் சட்டென்று நீரைப் பிடிக்கும். புதுப் புகைக்கரி பிடிக்காது. ஆனால் வைக்கோல் புகையில் பொட்டாசிய உப்பும் உண்டு, அதனால் அதிலும் ஒரு பங்கு கருவாகிவிடும். முதல் கருவிக்கு இந்த வேறுபாடு தெரியவே தெரியாது.

மழையை நம்பி நாற்று விடுகிற ஊருக்கு நான் இரண்டாவதையே கேட்பேன். பணம் இருந்தால் இரண்டையும் ஒரே காற்றுக்குழாயில் மாட்டலாம்: நூறு துகளில் எத்தனை கரு என்பது மணிக்கு மணி தெரியும், கடற்காற்று திரும்பும்போது அது மாறுவதும் தெரியும்.