ஜான் ஹவ்லண்ட் வம்சாவளியைத் தேட உதவிய தளங்கள்: சில வருடப் பயன்பாட்டு அனுபவம்

என் மருமகன் வீட்டார் மாசசூசெட்ஸ்காரர்கள். 1620-ல் மேஃபிளவர் கப்பலில் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேற வந்த ஜான் ஹவ்லண்டின் வழியில் வந்தவர்கள் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொள்கிறார்கள், ஆனால் கையில் ஒரு காகிதமும் கிடையாது. அதைத் தேடுகிற வேலையைச் சில வருடங்களுக்கு முன்னால் நான்தான் ஆசைப்பட்டு எடுத்துக்கொண்டேன். இதே தேடலில் இறங்குகிறவர்களுக்காக, எந்தத் தளம் எதற்கு உதவியது என்று எழுதுகிறேன்.

ஹவ்லண்டில் தொடங்கும் முதல் ஐந்து தலைமுறைக்காக நீங்கள் மெனக்கெட வேண்டாம், அது ஏற்கெனவே அலசி முடித்த வேலை. 1845-ல் பாஸ்டனில் தொடங்கிய நியூ இங்கிலாந்து (அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதி) வம்சாவளிச் சங்கத்தின் ‘அமெரிக்கன் ஆன்சஸ்டர்ஸ்’ தளத்தில், மேஃபிளவர் குடும்பங்களின் முதல் ஐந்து தலைமுறைத் தொகுப்பும், 1620 முதல் 1640 வரை நியூ இங்கிலாந்தில் குடியேறியவர்களைப் பற்றி ராபர்ட் சார்லஸ் ஆண்டர்சன் 1988-ல் தொடங்கிய பெரிய ஆய்வும் இருக்கின்றன. அவர் ஒவ்வொரு வரிக்கும் எந்த ஆவணம் ஆதாரம் என்று காட்டிவிடுகிறார், எனக்கு அதுதான் முக்கியம். முழுசாகப் பார்க்கச் சந்தா கட்ட வேண்டும். கொடுக்கிற காசுக்குத் தகும்.

ஆதாரம் ஆதாரம் என்று நான் அடித்துக்கொள்வதற்குக் காரணம் ஹவ்லண்டின் மனைவி. ஆளுநர் ஜான் கார்வரின் பணியாளாகக் கப்பலேறியவர் ஹவ்லண்ட். நடுக்கடலில் புயலில் தவறி விழுந்து, தொங்கிக்கொண்டிருந்த பாய்மரக் கயிற்றைப் பிடித்து உயிர் தப்பியவர். அவர் மனைவி எலிசபெத், கார்வர் வீட்டுப் பெண் என்று ஊரெல்லாம் நெடுங்காலம் நம்பியது. அதே கப்பலில் வந்து கார்வருக்குப் பிறகு ஆளுநரான வில்லியம் பிராட்ஃபோர்ட் கைப்பட எழுதிய வரலாறு லண்டன் பிஷப்பின் நூலகத்தில் கிடைத்து 1856-ல் அச்சான பிறகுதான், அந்தப் பெண் அதே கப்பலில் வந்த ஜான் டில்லியின் மகள் என்று உறுதியானது. அப்பா அம்மா இரண்டு பேரையும் முதல் குளிர்காலத்திலேயே பறிகொடுத்த 13 வயதுப் பெண் அவள், பின்னாளில் பத்துப் பிள்ளைகளைப் பெற்று வளர்த்தாள், அவளுக்குப் போய் வேறு வீட்டைக் கொடுத்துவிட்டார்கள் என்பது எனக்கு இன்றைக்கும் மனசு ஆறாத விஷயம். நான் சந்தா கட்டிய இன்னொரு தளம் (பெயர் வேண்டாம்) அந்தப் பழைய கதையையே இப்போதும் ‘குறிப்பு’ என்று அனுப்புகிறது. யாரோ ஒருவர் போட்டதைப் பத்துப் பேர் நகலெடுத்திருப்பார்கள், பத்துப் பேர் சொல்கிறார்களே என்று பதினோராவது ஆளும் எடுத்துக்கொள்வார்.

உண்மையான கஷ்டம் நடுவில்தான், சுமார் 1780-லிருந்து 1850 வரை. மாசசூசெட்ஸ் மாநில அளவில் பிறப்பு இறப்புப் பதிவு 1841-ல்தான் தொடங்கியது, வீட்டில் இருக்கும் எல்லோர் பெயரையும் எழுதிய முதல் அமெரிக்கக் கணக்கெடுப்பு 1850-ல். அதற்குள் பாதிக் குடும்பம் நிலம் தேடி நியூயார்க், ஒஹாயோ என்று மேற்கே போயிருக்கும், அங்கே சரியான பதிவே இருக்காது.

இந்த இடத்தில் கைகொடுத்தது ‘ஃபேமிலிசர்ச்’, அதுவும் இலவசமாக. அங்கே இருக்கும் பொது வம்சமரத்தை யார் வேண்டுமானாலும் திருத்தலாம், அதனால் அதை வழிகாட்டியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பொக்கிஷம் அங்கே ஏற்றியிருக்கும் ஆவணப் படங்கள்தான். 2024-ல் வந்த முழுவுரைத் தேடல், பழைய கையெழுத்துப் பத்திரங்களையும் உயில்களையும் கணினியே படித்து, அட்டவணையில் இல்லாத பெயரைக்கூட எடுத்துக் கொடுக்கிறது. சாட்சிக் கையெழுத்துப் போட்ட மைத்துனன் பெயர் ஒரு நிலப் பத்திரத்தில் இப்படித்தான் அகப்பட்டது, அதைப் பிடித்துக்கொண்டு போனதில் ஒரு தலைமுறையே சேர்ந்தது.

அப்புறம் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கும் புரட்சிப் போர் (அமெரிக்கச் சுதந்திரப் போர்) வீரர்களின் பென்ஷன் கோப்புகள், இதுவும் இலவசம். பென்ஷன் கேட்ட விதவைகள் கல்யாணத்தை நிரூபிக்க வேண்டியிருந்ததால், சிலர் வீட்டு பைபிளில் பிள்ளைகளின் பிறந்தநாள் எழுதிய பக்கத்தையே கிழித்து அனுப்பியிருக்கிறார்கள். வேறெங்கும் கிடைக்காத சான்று அது.

தேதியில் கவனம் வேண்டும். 1752 வரை இங்கிலாந்திலும் அதன் காலனிகளிலும் ஆண்டு மார்ச் 25-ல்தான் பிறக்கும். ஹவ்லண்ட் இறந்த நாள் 1672/3 பிப்ரவரி 23 என்று இருக்கும் (பழைய கணக்கில் 1672, இன்றைய கணக்கில் 1673), அதை அப்படியே இரட்டை ஆண்டாகப் பதியுங்கள், ஒன்றை வெட்டிவிட்டால் வரிசை குழம்பிவிடும்.

டிஎன்ஏ பரிசோதனையை இதற்காக வாங்க வேண்டாம். 12 தலைமுறை மேலே போனால் 4,096 மூதாதையர் இடம் வருகிறது, அதில் ஒருவருடைய மரபுத்துணுக்கு உங்களிடம் இல்லாமலே போகலாம். இரண்டு மூன்று தலைமுறை உறவினரைக் கண்டுபிடிக்க அது நல்ல கருவி, அவ்வளவுதான்.

1897-ல் ஏற்பட்ட மேஃபிளவர் வாரிசுகள் சங்கத்தில் சேர, ஒவ்வொரு தலைமுறைக்கும் ஆவணம் கேட்பார்கள். அதனால் நீங்கள் இன்றைய தலைமுறையிலிருந்து மேலே ஏறுங்கள், ஹவ்லண்டிலிருந்து கீழே இறங்காதீர்கள். இலவசத் தளங்களில் முடிந்தவரை தேடி, எந்தெந்த ஆவணம் பாக்கி என்று பட்டியல் கையில் வந்த பிறகு கட்டணத் தளத்தில் ஒரு மாதச் சந்தா மட்டும் போடுங்கள், தானாகப் புதுப்பிக்கிற வசதியை அன்றைக்கே அணைத்துவிடுங்கள்.