இரண்டு ஓரமும் மில்லிமீட்டர் போட்ட 5 மீட்டர் டேப்: யாருக்குப் பயன்படும்?

பெங்களூரு எஸ்.பி. ரோடு, நகரத்பேட்டை பக்கம் ஹார்டுவேர் கடையில் 5 மீட்டர் டேப் கேட்டால், ஒரு ஓரம் அங்குலமும் மறு ஓரம் சென்டிமீட்டரும் உள்ளதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். இரண்டு ஓரமும் மெட்ரிக் வேண்டுமென்றால் சொல்லித்தான் வாங்க வேண்டும். மாடுலர் கிச்சன், வார்ட்ரோப் வேலை செய்பவர்கள் சொல்லியே வாங்குங்கள்.

அங்குல ஓரம் இருந்தால் கை அங்கேதான் போகும். ஃபேக்டரியில் பலகை அறுப்பது மில்லிமீட்டரில். சைட்டில் பேச்சு அடியில். ஆசாரி ‘இரண்டடிப் பெட்டி’ என்பார், கட்டிங் லிஸ்ட்டில் (அறுக்க வேண்டிய அளவுப் பட்டியல்) 600 இருக்கும். இரண்டடி என்பது 609.6 மி.மீ. ஒரு பெட்டியில் இது கண்ணுக்குத் தெரியாது. சுவருக்குச் சுவர் 1800 மி.மீ. இடத்தில் இரண்டடிப் பெட்டி மூன்றை வைத்துப் பாருங்கள்: 1828.8. ஓர் அங்குலத்துக்கு மேல் இடிக்கும். எட்ஜ் பேண்ட் (விளிம்பை மூடும் பட்டை) ஒட்டி வந்த பலகையை இழைத்துச் சரிக்கட்டவும் வழியில்லை. ‘30 சென்டிமீட்டர் ஓர் அடி’ என்ற வாய்க்கணக்கும் இப்படித்தான். 10 அடியில் 48 மி.மீ. காணாமல் போகும்.

அடியில் வந்த அளவை மாற்ற ஒரே எண் போதும்: ஓர் அங்குலம் மிகச் சரியாக 25.4 மி.மீ. நம் ஆசாரிகள் சொல்கிற நூல் அங்குலத்தில் எட்டில் ஒன்று, அதாவது 3.175 மி.மீ. (அருமையான சொல், வேலையிடத்தில் இன்றும் உயிரோடு இருக்கிறது.) மில்லிமீட்டரை அடியாக்கவும் அதே எண்தான்: 1800-ஐ 25.4-ஆல் வகுத்தால் 70.87 அங்குலம். 60 அங்குலம் 5 அடியாகப் போக, மீதி 10.87. அந்த 0.87-ஐ எட்டால் பெருக்கினால் ஏறக்குறைய 7. ஆக 5 அடி 10 அங்குலம் 7 நூல்.

மெட்ரிக்குக்குள்ளேயே விழுகிற தவறு புள்ளியில். 2 மீட்டர் 5 சென்டிமீட்டரை 2.5 என்று எழுதிவிடுகிறார்கள், அது 2.05. டேப்பில் 205 என்று சென்டிமீட்டரில் பார்த்தால், ஒரு பூஜ்யம் சேர்த்து 2050 மி.மீ. என்று எழுதுங்கள். புள்ளியே வேண்டியிருக்காது.

டேப் முனையிலுள்ள கொக்கி லேசாக ஆடுகிறதே என்று டேப்பைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். அதன் தகட்டுக் கனம் எவ்வளவோ அவ்வளவு ஆடத்தான் வேண்டும். பலகை விளிம்பில் மாட்டி இழுக்கும்போது வெளியே வரும், சுவரில் முட்டும்போது உள்ளே போகும். இரண்டு அளவும் அதனால்தான் சரியாக வருகிறது. கடையிலேயே 300 மி.மீ. ஸ்டீல் ஸ்கேலை வைத்து, மாட்டி ஒருமுறை, முட்டி ஒருமுறை சோதியுங்கள். கீழே விழுந்து கொக்கி வளைந்தால் கணக்கு போச்சு. அப்போது 100 மி.மீ. கோட்டிலிருந்து பிடித்து அளக்கலாம், ஆனால் 100-ஐக் கழிக்க மறந்தால் பலகையே வீண்.

தகட்டின் தொடக்கத்தில் ரோமன் எண் II இருக்கிறதா என்று பாருங்கள். அது துல்லியத்தின் வகுப்பு. அந்த வகுப்பில் 5 மீட்டருக்கு 1.3 மி.மீ. வரை பிழை அனுமதி. I என்றால் 0.6. பெட்டி வேலைக்கு II போதும். ஒற்றை ஆளாகக் கூரை உயரம் அளப்பவர்கள் 25 மி.மீ. அகலத் தகடு வாங்கட்டும், 19 சீக்கிரம் மடங்கிவிடும்.

மனை அளக்க இந்த டேப் வேண்டாம், 30 மீட்டர் ஃபைபர் டேப் கேளுங்கள். அங்கே வேறொரு கவனம் தேவை. 30×40 அடி மனை 1200 சதுர அடி. அதைச் சதுர மீட்டராக்க 3.28-ஆல் வகுத்து 366 என்று சொல்பவர்கள் உண்டு. பரப்புக்கு 10.764-ஆல் வகுக்க வேண்டும். விடை 111.48.