கறிக்கோழிக்கு எந்தத் தரை: கூளமா, வலையா?

கறிக்கோழி ஐந்தாறு வாரத்தில் இரண்டு கிலோவைத் தாண்டிவிடும். எலும்பு முதிர்வதற்குள் சதை ஏறிவிடுவதால், கடைசி நாட்களில் பெரும்பாலும் உட்கார்ந்தே இருக்கும். அதன் நெஞ்சும் காலும் எதன்மேல் கிடக்கின்றன என்பதை வைத்துத்தான் தரையை முடிவு செய்ய வேண்டும்.

வலைத் தரையில் எச்சம் கீழே விழுந்துவிடும். ரத்தக் கழிச்சலுக்குக் காரணமான காக்சிடியா என்ற ஒட்டுண்ணி, எச்சத்தோடு வெளியேறி, ஈரத்திலும் சூட்டிலும் முதிர்ந்து, கோழி கொத்தும்போது மறுபடி குடலுக்குள் போகிறது. வலை இந்தச் சுற்றைப் பெருமளவு அறுத்துவிடுகிறது. பெரிய நன்மைதான். ஆனால் எடை ஏற ஏறக் கம்பி அழுத்தி நெஞ்சில் கொப்புளம் கட்டும், விரல் சிக்கும், காலில் புண் வரும். பிளாஸ்டிக் சல்லடைத் தரை கொஞ்சம் மென்மையானது; செலவும் கழுவுகிற வேலையும் கூடுதல்.

என் ஓட்டு ஆழ்கூளத்துக்கே, அதாவது தரையில் உமி, நார்க்கழிவு போன்றவற்றைத் தடிமனாகப் பரப்புவதற்கே. கோழி கிளறலாம், புரளலாம். குஞ்சுக்கு அடியில் குளிர் ஏறாது. ஒரே நிபந்தனை, கூளம் காய்ந்திருக்க வேண்டும். ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிடித்துவிட்டுக் கையை விரியுங்கள். லேசாக ஒட்டி உடனே உதிர்ந்தால் சரி. உருண்டையாகவே நின்றால் ஈரம் மிஞ்சிவிட்டது. தூசியாகப் பறந்தால் அதுவும் மூச்சுக்கு ஆகாது. ஈரம் 20 முதல் 25 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. 35-ஐத் தாண்டினால் கட்டி தட்டி அம்மோனியா கிளம்பும். கண் எரியும், உள்ளங்கால் வெந்து கறுக்கும். கூளம் கெட்டால் முதலில் கோழி தண்ணீர் குடிக்கும் நிப்பிளின் உயரத்தையும் ஒழுகலையும் பாருங்கள். தென்னை நார்க்கழிவு நீரை நன்றாக உறிஞ்சும். உமி அவ்வளவு உறிஞ்சாது, ஆனால் எளிதில் கட்டி தட்டாது.

அப்புறம் கொட்டகை. திறந்த கொட்டகை என்றால் நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்கட்டும். வெயில் நேராக உள்ளே விழாது. காற்றே கூளத்தையும் காயவைக்கும். கடும் கோடையில் மட்டும் கோழி திணறும். மூடிய கொட்டகையில் மின்விசிறியும், உள்ளே வரும் காற்றைக் குளிர்விக்க நீரில் நனைத்த ஈரத் திரையும் வெப்பத்தை அடக்குவதால் அதே இடத்தில் கூடுதல் கோழி வளர்க்கலாம். ஆனால் ஈரத் திரை காற்றில் ஈரத்தை ஏற்றும். வெளியே ஏற்கெனவே புழுக்கமாக இருக்கும்போது அதை ஓட்டினால் கூளம்தான் நனையும். மின்சாரம் போய் விசிறி நின்றால், வளர்ந்த கோழிகள் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே கொத்தாகச் சாகலாம். தானாக ஓடத் தொடங்கும் ஜெனரேட்டரும் அலாரமும் இல்லாதவர்கள் திறந்த கொட்டகையிலேயே வளர்க்கட்டும்.