டிஜே கன்ட்ரோலரின் பொத்தான்களை மாற்றியமைத்தல்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

இரண்டு டெக்குகள் (ஒவ்வொன்றும் ஒரு பாடலை ஓட்டும் பகுதி), டெக்குக்கு எட்டு பேடுகள் (விரலால் தட்டி இயக்கும் பொத்தான்கள்), நடுவில் இரண்டையும் கலக்கும் இரு சேனல் மிக்சர் என்ற பரவலான அமைப்பைக் கொண்ட, கணினியிலுள்ள டிஜே மென்பொருளை இயக்கும் ஒரு டிஜே கன்ட்ரோலரைச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். வாங்கியபோது அதன் பொத்தான்கள் செய்த வேலைகளுக்கும் இப்போது செய்யும் வேலைகளுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. கருவியை நான் பிரிக்கவும் இல்லை, உள்ளே எதையும் மாற்றவும் இல்லை; எல்லா மாற்றங்களும் மிக்ஸ் என்னும் திறமூல டிஜே மென்பொருளில் எழுதிய மேப்பிங் (எந்தப் பொத்தான் எந்த வேலையைச் செய்யும் என்று சொல்லும் கோப்பு) வழியாகவே நடந்தவை. புதிய மேப்பிங்கை எழுதி முடித்த உற்சாகத்தில் எல்லாமே சிறப்பாகத் தோன்றும் என்பதால், காலம் கடந்தும் கையில் நிலைத்த மாற்றங்கள் எவை, அவை ஏன் நிலைத்தன என்பதையே இங்குப் பதிவுசெய்கிறேன்.

இத்தனை காலப் பயன்பாட்டில் எனக்கு உறுதியாகப் பட்டது ஒன்றுதான். ஒரு பொத்தானுக்கு எந்த வேலையைக் கொடுப்பது என்பதை, எத்தனை வசதிகளை அடக்க முடியும் என்ற கணக்கைக் கொண்டு முடிவு செய்யக் கூடாது. அந்தப் பொத்தான் தவறுதலாக அழுந்தினால் ஒலிபெருக்கியில் என்ன கேட்கும் என்ற கேள்வியைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும். இருட்டான மேடையில், ஒரு காதில் ஹெட்ஃபோனுடன், ஒரு கை ஃபேடரில் (ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்தியில்) இருக்கும்போது மற்றொரு கை எங்கே போய் விழும் என்பதைத்தான் மேப்பிங் முதலில் கருத வேண்டும்.

இந்த மாற்றங்கள் எப்படிச் சாத்தியமாகின்றன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாம் ப்ளே பொத்தானை அழுத்தும்போது கன்ட்ரோலர் பாடலை ஓட்டுவதில்லை. சேனல் எண், நோட் எண், அழுத்த மதிப்பு ஆகியவற்றைக் கொண்ட ஒரு சிறு மிடி (இசைக்கருவிகளும் கணினிகளும் பேசிக்கொள்ளும் பொதுத் தரம்) செய்தியை மட்டும் கணினிக்கு அனுப்புகிறது. 16 சேனல்கள், சேனலுக்கு 128 நோட் எண்கள் என்ற பரப்பில் ஒவ்வொரு பொத்தானுக்கும் ஓர் இடம் உண்டு. அந்தச் செய்திக்குப் பொருள் தருவது மென்பொருள். டிஜே மென்பொருள்களில், டிராக்டரில் கன்ட்ரோலர் மேனேஜர், செராட்டோவிலும் ரெக்கார்ட்பாக்ஸிலும் மிடி அமைப்புகள், விர்ச்சுவல் டிஜேயில் அதற்கென்றே உள்ள ஸ்கிரிப்ட் மொழி, மிக்ஸில் எக்ஸ்எம்எல் கோப்பும் ஜாவாஸ்கிரிப்டும் என வழிகள் வேறுபட்டாலும், நடப்பது ஒன்றே. மிக்ஸை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், ஒரு பொத்தானுக்கு நிபந்தனைகளுடன் கூடிய நடத்தையை எழுதுவதற்கு அதன் ஸ்கிரிப்ட் தரும் முழுச் சுதந்திரம்தான்.

முதலில் கை வைத்தது ஆபத்தான மூன்று பொத்தான்களில். ஒரு டெக்கின் வேகத்தை மற்ற டெக்கின் வேகத்தோடு பொருத்தும் சிங்க் பொத்தானை எடுத்துக்கொள்வோம். இரு டெக்குகளும் வெவ்வேறு வேகத்தில் இருக்கும்போது, அரங்கில் ஒலித்துக்கொண்டிருக்கும் டெக்கின் சிங்க்கைக் கை தெரியாமல் தொட்டுவிட்டால், பாடலின் வேகம் ஒரே கணத்தில் மாறி, ஆடிக்கொண்டிருப்பவர்கள் அனைவருக்கும் அது தெரிந்துவிடும். இப்போது என் மேப்பிங்கில், ஓடாத டெக்கில் சிங்க் வழக்கம்போல வேலை செய்கிறது. ஓடும் டெக்கின் ஃபேடர் மேலே இருந்தால் ஷிஃப்டைச் சேர்த்து அழுத்தினால் மட்டுமே வேலை செய்கிறது. பாடலை ஏற்றும் லோட் பொத்தானுக்கும் இதே காப்பு வேண்டும். ஓடும் டெக்கில் புதிய பாடலை ஏற்ற விடாமல் தடுக்கும் அமைப்பு மிக்ஸிலும், செராட்டோ, ரெக்கார்ட்பாக்ஸ் போன்றவற்றிலும் இருக்கிறது. மேப்பிங்கைத் தொடவே விரும்பாதவர்கள்கூட அந்த ஒன்றையாவது இயக்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மூன்றாவது ஆபத்து பேடுகளில் ஒளிந்திருக்கிறது. பெரும்பாலான கன்ட்ரோலர்களில் ஷிஃப்டுடன் பேடை அழுத்தினால் அங்குள்ள ஹாட் க்யூ (பாடலில் உடனே தாவிச் செல்லக் குறித்து வைத்த புள்ளி) அழிந்துவிடும். வீட்டில் பாடல்களைத் தயார் செய்யும்போது இது வசதியே. நிகழ்ச்சியின் நடுவில் ஹாட் க்யூவை அழிக்க வேண்டிய தேவை எனக்கு ஏற்பட்டதே இல்லை. அழித்தது லைப்ரரியிலும் பதிவாகிவிடும் என்பதால், பாடலின் சரியான புள்ளியை மறுபடி தேடிக் குறிக்க வேண்டும். ஆகவே அழிக்கும் வேலையைக் கன்ட்ரோலரிலிருந்து முழுவதுமாக நீக்கி, மவுஸுக்கு மட்டும் விட்டுவிட்டேன். எதையும் சேர்க்காமல் ஒன்றை நீக்கியதால் கிடைத்த நிம்மதி இது.

மிகப் பெரிய மாற்றம் பேடுகளின் அமைப்பில்தான். ஹாட் க்யூ, லூப் (ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப ஓட்டுதல்), பீட் ஜம்ப் (சில பீட்கள் தாவுதல்), சாம்ப்ளர் (சிறு ஒலித்துண்டுகளை ஒலிக்கவிடுதல்) என நான்கு மோடுகளும் எட்டு பேடுகளும் சேர்ந்தால் டெக்குக்கு 32 வேலைகள். ஷிஃப்டையும் கணக்கிட்டால் 64. இவ்வளவும் விளம்பரத்தில் அழகாக இருக்கும். வாசிக்கும்போது மட்டும், இப்போது எந்த மோடில் இருக்கிறோம் என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் விரலைத் தயங்க வைக்கும். நான் மோடு என்ற கருத்தையே விலக்கிவிட்டு, மேல்வரிசை நான்கு பேடுகளை ஹாட் க்யூக்களுக்கும், கீழ்வரிசை நான்கை நான்கு பீட் லூப், லூப்பைப் பாதியாக்குதல், 16 பீட் பின்னே தாவுதல், 16 பீட் முன்னே தாவுதல் ஆகியவற்றுக்கும் ஒதுக்கினேன். நான்கு-நான்கு தாளத்தில் 16 பீட் என்பது நான்கு பார்கள் (தாளச் சுற்றுகள்). நடன இசையில் பகுதிகள் பெரும்பாலும் இந்த அளவின் மடங்குகளில் அமைவதால், ஒரு நீண்ட அறிமுகத்தைத் தாண்டவோ, கலவை முடியும்முன் பாடல் தீர்ந்துவிடாமல் காக்கவோ இந்தத் தாவலே போதுமானதாக இருக்கிறது. நான்கு ஹாட் க்யூக்களுக்கு மேல் தேவைப்படும் வாசிப்பு முறை உள்ளவர்களுக்கு, முக்கியமாக விரல் வித்தையாக க்யூக்களைத் தட்டி வாசிப்பவர்களுக்கு, இந்த அமைப்பு பொருந்தாது.

இதைச் செய்யும்போது கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. பல கருவிகளில் மோடு பொத்தானை அழுத்தியதும் கன்ட்ரோலரே பேடுகளின் நோட் எண்களை மாற்றிவிடும். மென்பொருளுக்கு அது வேறு எட்டு பேடுகளாகவே தெரியும். எனவே ஒரு மோடின் எண்களுக்கு மட்டும் மேப்பிங் எழுதினால், தெரியாமல் மோடு மாறிய கணத்தில் பேடுகள் அனைத்தும் செயலற்றுப் போகும், அல்லது பழைய வேலைகளைச் செய்யத் தொடங்கும். நான்கு மோடுகளின் எண்களையும் ஒரே வேலைகளுக்கு இணைத்துவிட்டதால், எந்த மோடு விளக்கு எரிந்தாலும் என் பேடுகள் மாறுவதில்லை. ஷிஃப்டிலும் இதே இருவகை உண்டு. சில கருவிகள் ஷிஃப்டை அழுத்தியதும் மற்றப் பொத்தான்களுக்கு வேறு எண்களைத் தாமே அனுப்பும். சிலவற்றில் ஷிஃப்டும் ஒரு சாதாரணப் பொத்தான்தான். அது அழுந்தியிருப்பதை மென்பொருள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். டிராக்டரில் எட்டு மாடிஃபையர்கள் இதற்கென்றே இருக்கின்றன; மிக்ஸில் ஸ்கிரிப்டில் ஒரு மாறியை வைத்துக்கொள்ளலாம். விண்டோஸில் மிடி-ஆக்ஸ், லினக்ஸில் ஏசெக்டம்ப் போன்ற, மிடி செய்திகளைக் காட்டும் ஒரு மென்பொருளைத் திறந்து, ஒவ்வொரு பொத்தானும் உண்மையில் எதை அனுப்புகிறது என்று பார்த்த பின்பே மேப்பிங் எழுத உட்கார வேண்டும்.

அவ்வாறு பார்க்கும்போதே மற்றொன்றும் தெரியவரும். பொத்தானை விடும்போதும் ஒரு செய்தி வருகிறது. சில கருவிகள் அதை நோட் ஆஃப் செய்தியாகவும், வேறு சில மதிப்பு சுழியமாக உள்ள நோட் ஆன் செய்தியாகவும் அனுப்புகின்றன. மிடி தரத்தில் இரண்டும் ஒரே பொருளுடையவை. ஸ்கிரிப்ட் எழுதுபவர் மதிப்பைச் சோதிக்காவிட்டால், அழுத்தும்போது தொடங்கிய லூப் விரலை எடுத்ததும் நின்றுவிடும்.

ஒரே பொத்தானில் இரு வேலைகளை அடக்க, நீண்ட நேரம் அழுத்துதல் என்ற உத்தியைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். தாளத்தோடு தொடர்புள்ள எந்தப் பொத்தானுக்கும் இதைக் கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. சிறு அழுத்தமா நீண்ட அழுத்தமா என்பதை மென்பொருள் அறிய, விரல் எடுக்கப்படும்வரை அது காத்திருக்க வேண்டும். ஆகவே சிறு அழுத்தத்தின் வேலை எப்போதும் தாமதமாகவே நடக்கும். ப்ளே, க்யூ, ஹாட் க்யூ, லூப் ஆகியவற்றில் அந்தத் தாமதம் நேரடியாகக் காதில் கேட்கும். லைப்ரரியில் உலவும் பொத்தான், ஹெட்ஃபோன் பொத்தான் போன்றவற்றுக்கு இந்த உத்தி தாராளமாகப் பொருந்தும்.

விளக்குகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் மேப்பிங் எழுதுபவர்களில் பலர் உள்வரும் செய்திகளோடு வேலையை முடித்துக்கொள்கிறார்கள். பொத்தானின் வேலை மாறியபின் அதன் விளக்கும் புதிய வேலையின் நிலையைக் காட்ட வேண்டும். பல கருவிகளில் அதே நோட் எண்ணைக் கணினி திருப்பி அனுப்பினால் விளக்கு எரியும், மதிப்பைச் சுழியமாக்கினால் அணையும். விளக்கு பொய் சொன்னால், கை சரியாகச் செய்ததையும் கண் நம்பாது. லூப் உண்மையில் ஓடும்போது மட்டும் லூப் பேடு எரியவும், பாடலின் இறுதிக்கு 16 பீட்டுக்குக் குறைவாக மீதமிருந்தால் முன்தாவல் பேடு அணையவும் எழுதியிருக்கிறேன். அந்தப் பேடு அணைந்திருப்பதைக் கண்டாலே, மடிக்கணினித் திரையை நிமிர்ந்து பார்க்காமல் அடுத்த பாடலைக் கொண்டுவர வேண்டும் என்று தெரிந்துவிடுகிறது. இந்த ஒரு விளக்குக்காகச் செலவிட்ட உழைப்பு, மற்ற எல்லாவற்றையும்விட அதிகப் பயன் தந்திருக்கிறது.

பாடலின் வேகத்தை மாற்றும் டெம்போ ஸ்லைடரைத் தொடாமல் விடுவதே நல்லது. 1983இல் அறிமுகமான மிடியின் அடிப்படைச் செய்தியில் மதிப்புக்கு ஏழு பிட் மட்டுமே உண்டு, அதாவது 128 படிகள். ஸ்லைடரின் வீச்சு கூட்டலும் கழித்தலுமாக 8 சதவீதம் என்றால், ஒரு படி 0.125 சதவீதம், 128 பிபிஎம் (நிமிடத்துக்கு 128 பீட்) பாடலில் அது 0.16 பிபிஎம். இரண்டு பாடல்கள் இந்த அளவு விலகி ஓடினால், ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 75 மில்லி விநாடி விலகிவிடும். பயிற்சி பெற்ற காது அதை உடனே பிடித்துவிடும். இதனால் பெரும்பாலான கருவிகள் ஸ்லைடருக்கு இரண்டு செய்திகளைச் சேர்த்து 14 பிட்டாக, 16,384 படிகளாக அனுப்புகின்றன. தானாகக் கற்கும் வசதியைக் கொண்டு ஸ்லைடரை மறுபடி இணைக்கும்போது முதல் செய்தி மட்டும் பதிவாகிவிட்டால், இந்த நுண்மை முழுவதும் போய்விடும்.

ஒரு குமிழுக்கு ஷிஃப்ட் வழியாக இரண்டாவது வேலை கொடுத்தால், சாஃப்ட் டேக்ஓவரை (மென்பொருளில் உள்ள மதிப்பைக் குமிழ் எட்டும்வரை அதன் அசைவைப் புறக்கணிக்கும் அமைப்பை) இயக்க மறக்க வேண்டாம். இல்லாவிட்டால் ஃபில்டர் ஓரிடத்திலும் குமிழ் வேறிடத்திலும் இருந்து, தொட்டதும் ஒலி துள்ளும்.

நீண்டகாலப் பயன்பாட்டில் மட்டுமே வெளிப்படும் பயன் ஒன்றும் உண்டு. அதிகம் தட்டப்பட்ட ஒரு பேடின் சுவிட்ச் தேய்ந்து, ஒரே அழுத்தத்துக்கு இரண்டு செய்திகளை அனுப்பத் தொடங்கியது. லூப் போன்ற வேலைகளில் இது இயக்கி உடனே அணைப்பதாக முடியும். முந்தைய அழுத்தத்திலிருந்து 40 மில்லி விநாடிக்குள் வரும் இரண்டாவது செய்தியைப் புறக்கணிக்கும்படி ஸ்கிரிப்டில் சில வரிகள் சேர்த்ததும், அந்தப் பேடு மறுபடி நம்பகமாகிவிட்டது. மாற்ற வேண்டியிருந்த ஒரு பாகத்துக்கு இவ்வாறு கூடுதல் ஆயுள் கிடைத்தது.

ப்ளே, க்யூ, ஃபேடர்கள், சமன்செய்யும் குமிழ்கள் ஆகியவற்றை எந்த நிலையிலும் நான் மாற்றவில்லை. வேறு மேடைகளில் வேறு கருவிகளில் வாசிக்க நேரும்போது, கைக்கு எஞ்சியிருக்கும் பொதுமொழி இவை மட்டுமே; அங்கு நம் மேப்பிங் கோப்பு உதவாது. மாற்றங்களையும் ஒன்றொன்றாகவே புகுத்த வேண்டும். ஒன்று யோசிக்காமல் வரும் அளவுக்குப் பழகிய பின்பே அடுத்ததற்குப் போக வேண்டும். இரு டெக்குகளையும் கண்ணாடிப் பிம்பம்போல அமைக்காமல், ஒரே வரிசையில் அமைத்ததும் நல்ல முடிவாகவே நிலைத்திருக்கிறது. பொத்தான்களில் அச்சிட்ட பெயர்கள் பொருந்தாமல் போவதால், என் கருவியில் வேறொருவர் வாசிக்க வந்தால் மூல மேப்பிங்குக்கு மாற்றிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. எனக்காக முன்தாவல் பேடில் விரலுக்குத் தட்டுப்படும் சிறு புள்ளி ஒன்றை ஒட்டியிருக்கிறேன். விளக்கை மறைக்காதபடி ஓரத்தில் ஒட்ட வேண்டும்.

கோப்புப் பாதுகாப்பில் சொல்ல வேண்டியது, மென்பொருளோடு வரும் மேப்பிங்கை நேரடியாகத் திருத்தக் கூடாது என்பதே. மென்பொருளைப் புதுப்பிக்கும்போது அது மேலெழுதப்படலாம். வேறு பெயரில் நகலெடுத்து, பயனர் கோப்புறையில் வைத்துத் திருத்தி, ஒரு பிரதியைப் பென் டிரைவிலும் வைத்துக்கொள்வது போதும்.

மாற்றியமைக்கும் எண்ணத்தோடு புதிய கன்ட்ரோலர் வாங்குபவர்கள், வாங்குமுன் அந்த மாதிரிக்கான மிடி செய்திப் பட்டியல் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல தயாரிப்பாளர்கள் அதை பிடிஎஃப் கோப்பாக வெளியிடுகிறார்கள். மாஸ்டர் ஒலியளவு, ஹெட்ஃபோன் ஒலியளவு போன்ற குமிழ்கள் சில கருவிகளில் உள்சுற்றோடு மட்டும் இணைந்திருப்பதால் எந்தச் செய்தியையும் அனுப்புவதில்லை. அவற்றை எந்த மென்பொருளாலும் வேறு வேலைக்குத் திருப்ப முடியாது. விளக்குகளைக் கணினியிலிருந்து இயக்க முடியுமா என்பதும் அதே பட்டியலில்தான் இருக்கும். அந்தப் பகுதி இல்லாத கருவியை, மற்றவை எல்லாம் பிடித்திருந்தாலும், நான் வாங்க மாட்டேன்.